வற்றிய கிணற்றின் சாட்சியம்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, செங்கம் ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு சந்தில், ஒரு வீட்டின் மாடியறையை 2025-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் நவம்பர் வரை வாடகைக்கு எடுத்திருந்தேன். நாவல் ஒன்றை எழுதி முடிக்க வேண்டும் என்பது உத்தேசம். நாவல் முடியவில்லை. அதற்குப் பதிலாகக் கிணறுகளின் சரித்திரத்தில் கொஞ்சம் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

வீட்டின் பின்கட்டில் ஒரு கிணறு. மேலே பத்தடிக்குக் கருங்கல் கட்டு. அதற்குக் கீழே பாறையையே குடைந்தது. மொத்தம் 42 அடி ஆழம். வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயசுக்கு மேல் இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் குடித்தனம் நடத்தியவர். அவருடைய மகனுக்கோ கிணற்றை மண் போட்டுத் தூர்த்து, அந்த இடத்தில் காரை நிறுத்திக்கொண்டு, வாசலில் 600 அடிக்குப் போர் போட வேண்டும் என்று எண்ணம். ஒரு நாள் மத்தியானம் அம்மாள் என்னைக் கேட்டார்.

"ஏன் தம்பி, ஆறுநூறு அடி போனாத்தான் தண்ணின்னு போர் வண்டிக்காரன் சொல்றான். நாப்பது அடிக் கிணத்துல இன்னும் தண்ணி கெடக்குது. இதுல எது நெசம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து நிறுத்தியவன் நான். பூமி சாஸ்திரம் படித்தவனல்ல. ஆனால் பூமிக்கு அடியில் தண்ணீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்பதைச் சர்க்கார் பல வருஷங்களாக அளந்து வருகிறது என்றும், அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். "பார்த்துச் சொல்கிறேன், அம்மா" என்றேன். அந்த ஒரு வாக்கு என்னை எட்டு மாதம் இழுத்தடித்துவிட்டது.

இந்த மலையின் தண்ணீர்க் கதை அளவுகோல் வருவதற்கு முன்பே ஆரம்பித்தது. 1896 செப்டம்பரில் இங்கே வந்த ரமண மகரிஷி, 1899 முதல் 1916 வரை மலைமேல் விரூபாக்ஷ குகையில் இருந்தார். கோடையில் அங்கே வெப்பம் அதிகம், தண்ணீரும் கஷ்டம். அதனால் கோடை மாதங்களில் முலைப்பால் தீர்த்தத்தின் அருகே இருக்கும் மாமரக் குகைக்குப் போய்விடுவது வழக்கம். 1916-ல் இன்னும் மேலே, வற்றாத ஊற்று இருக்கும் ஸ்கந்தாசிரமத்துக்குப் போனார்கள். 1922 மே 19-ஆம் தேதி அன்னை அழகம்மாள் மறைந்தார். தென்புற அடிவாரத்தில் பாலி தீர்த்தத்தை ஒட்டிச் சமாதி அமைந்தது. அதைச் சுற்றித்தான் ஆசிரமம் வளர்ந்தது. ஆன்மிகத்தைத் தனியே வைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்த இடமாற்றங்கள் மலையின் நீர்க் கணக்கைச் சொல்கின்றன. நடுவில் வறண்ட பாறை. மேலே பாறை இடுக்கிலிருந்து கசியும் ஊற்று. கீழே வழிந்து வந்த தண்ணீரைத் தேக்கும் குளம். மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இத்தனை தீர்த்தங்கள் வெட்டியவர்கள் அந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர்கள் என்றே தோன்றுகிறது.

இந்தப் பிரதேசம் முழுவதும் கடினப் பாறை. ஆற்று மணலில் தண்ணீர் பஞ்சில் போல ஊறி நிற்கும். கருங்கல்லில் அப்படி நிற்காது. மேலே வெயிலிலும் மழையிலும் சிதைந்து பொடியான ஒரு படலம் இருக்கிறது. திறந்த கிணறுகளுக்குத் தண்ணீர் பெரும்பாலும் அதிலிருந்துதான். அதற்குக் கீழே பாறை. பாறையில் அங்கங்கே வெடிப்புகள். போர் போடுகிறவர்கள் தேடுவது இந்த வெடிப்புகளை. மேல்படலத்தில் ஊறும் தண்ணீரே வெடிப்பு வழியாகக் கீழே இறங்குகிறது. ஆகவே "மேல்தண்ணி வேற, கீழ்த்தண்ணி வேற" என்று ஜனங்கள் சொல்வது பாதி உண்மைதான்.

ஆனால் இந்த மறைவான விவகாரத்தைச் சட்டம் வேறு விதமாகத் தீர்த்து வைத்திருந்தது. இங்கிலாந்தில் லங்காஷயரில் ஒரு பஞ்சாலைக்காரரின் கிணறு, பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் வற்றிப் போயிற்று. வழக்குக்குப் போனார். 1843-ல் வந்த தீர்ப்பு, அவரவர் நிலத்துக்கு அடியில் இருப்பது அவரவருக்கே. அடுத்தவன் தோண்டியதால் உன் கிணறு வற்றினால் பரிகாரம் இல்லை என்பதுதான். பூமிக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்பது யார் கண்ணுக்கும் தெரியாது, தெரியாத விஷயத்தில் உரிமை கொண்டாட முடியாது என்பது அந்தக் காலத்து நியாயாதிபதிகளின் வாதங்களில் ஒன்று. அதே கொள்கை 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் அது நம் தலைமேல்தான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தீர்ப்புக்கு ஏழு வருஷம் முன்னதாகவே, அதே இங்கிலாந்தில் ஸஸெக்ஸ் பகுதியில் சில்குரோவ் என்ற இடத்தில், ஒரு வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 1836-ல் தொடங்கிய அந்தக் கணக்கு உலகத்திலேயே மிக நீண்ட கிணற்றுக் கணக்குகளில் ஒன்று. 1856-ல் பிரான்ஸில் ஹென்றி டார்ஸி என்ற எஞ்சினியர், டிஜோன் நகரத்துக் குடிநீரைப் பற்றி எழுதிய அறிக்கையின் அனுபந்தத்தில், மணலுக்குள் தண்ணீர் என்ன வேகத்தில் நகரும் என்பதற்கு ஒரு சூத்திரம் கண்டு சொன்னார். நீர்மட்டம் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்குத் தண்ணீர் போகும்; இரண்டு கிணறுகளின் மட்டம் தெரிந்தால் திசை தெரியும். கண்ணுக்குத் தெரியாது என்று சட்டம் கைவிட்ட விஷயத்தை, கயிறும் நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டு சில பேர் கண்ணுக்குத் தெரியும்படி செய்துகொண்டிருந்தார்கள்.

நம் தேசத்தில் இது தாமதமாகவே வந்தது. பழைய வருவாய்க் கணக்குகளில் கிணறு எத்தனை, பாயும் ஏக்கர் எத்தனை என்று பார்க்கலாம். நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளப்பது வேறு காரியம். 1954-ல் மத்திய சர்க்கார் குழாய்க் கிணறுகள் தோண்டிப் பார்க்க ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தியது. தேசம் முழுவதும் நீர்மட்டம் அளக்கும் ஏற்பாடு 1969-ல் சுமார் 410 கிணறுகளோடு ஆரம்பித்தது. 1970-ல் அந்த ஸ்தாபனமே மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆயிற்று. இன்று அந்த வாரியம் அளக்கும் கிணறுகள் இருபதாயிரத்துக்கு மேல். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு நான்கு முறை, அதாவது ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் அளக்கிறார்கள். இது போக மாநில நீர்வளத் துறைக்குத் தரமணியில் ஒரு விவர மையம் உண்டு. அவர்கள் கிணறுகளை மாதந்தோறும் அளக்கிறார்கள். 1971-ல் ஏற்பட்ட குடிநீர் வடிகால் வாரியமும் தனியே சில கிணறுகளை அளந்து வருகிறது. மத்திய சர்க்காரின் நீர்வளத் தகவல் இணையத்தளத்தில் இவற்றில் பெரும்பகுதியைத் தேடி எடுக்கலாம்.

தேடி எடுக்கலாம் என்று சுலபமாக எழுதிவிட்டேன். திருவண்ணாமலைக்கு அது சுலபமல்ல. 1906-ல் வெளிவந்த ஜில்லா கெஜட்டியரில் இந்தத் தாலூகா தென்னார்க்காட்டில் இருக்கிறது. பிறகு வடஆர்க்காட்டுக்குப் போயிற்று. 1989 செப்டம்பர் 30-ல் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆயிற்று. சம்புவராயர் பெயரையும் சில வருஷம் சுமந்தது. ஆகையால் 1985-ஆம் வருஷத்துக் கிணறு ஒன்றைத் திருவண்ணாமலை என்ற தலைப்பில் தேடினால் அகப்படாது; வடஆர்க்காட்டில் போய்த் தேட வேண்டும். ஊர்ப் பெயரையோ இங்கிலீஷில் ஓர் 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒரே கிணறு இரண்டு பெயரில் வந்து, இரண்டு கிணறு போல் நின்று என்னை ஏமாற்றியது. கிணற்றின் இருப்பிடமும் அப்படியே. பழைய பதிவுகளில் அட்சரேகையைப் பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் குறித்திருப்பார்கள். அதில் ஒரு பங்கு பிசகினால் 1.8 கிலோமீட்டருக்கு மேல் பிசகும். ஆசிரமத்துக்குப் பின்னால் அந்தத் தூரம் போனால் மலைச் சிகரத்துக்கே போய்விடலாம். நான் முதலில் போட்ட வரைபடத்தில் ஒரு கிணறு நிஜமாகவே மலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அப்படிப் பொறுக்கிய எண்களை எப்படிப் படிப்பது? இங்கே நான் செய்த தப்புகளைச் சொன்னால் வாசகர்களில் யாராவது ஒருவருக்கு உதவும்.

முதலாவது, அந்த எண் தண்ணீரின் உயரம் அல்ல. தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே என்ற ஆழம். எண் பெரிதானால் தண்ணீர் குறைவு. கிணற்றின் கைப்பிடிச் சுவரிலிருந்து அளந்திருந்தால் சுவரின் உயரத்தைக் கழிக்க வேண்டும். இரண்டாவது, ஆழத்தை மட்டும் வைத்துத் திசை சொல்ல முடியாது. மலையடிவாரத்தில் கடல்மட்டத்துக்கு 190 மீட்டர் உயரத்தில் ஒரு கிணறு, ஊருக்குள் 165 மீட்டரில் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் தண்ணீர் 5 மீட்டர் ஆழத்தில் இருந்தால், ஒன்றின் மட்டம் 185, மற்றதன் மட்டம் 160. ஆழம் ஒன்றாக இருந்தாலும் தண்ணீர் முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கித்தான் நகரப் பார்க்கும்.

மூன்றாவது, மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். 2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலையே சரிந்து, வ.உ.சி. நகரில் ஏழு பேர் உயிரிழந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அத்தகைய மழைக்குப் பின் வரும் ஜனவரி அளவை, அதற்கு முந்தின மே மாத அளவோடு வைத்துப் பார்த்து, நிலத்தடி நீர் பெருகிவிட்டது என்று சந்தோஷப்படுவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகும். நான்காவது, திறந்த கிணற்றையும் ஆழமாகத் துளைத்த அளவுக் குழாயையும் ஒரே கோட்டில் சேர்க்கக் கூடாது. முன்னது மேல்படலத்தைச் சொல்கிறது, பின்னது வெடிப்பைச் சொல்கிறது. மலையின் இந்தப் பக்கத்துக் கிணற்றையும் அந்தப் பக்கத்துக் கிணற்றையும் இணைத்து, நடுவில் மலையே இல்லாதது போல் கம்ப்யூட்டர் வரையும் அழகிய வர்ணப் படத்தையும் நம்பக் கூடாது.

ஐந்தாவதுதான் முக்கியம். கணக்கில் சில கட்டங்கள் காலியாக இருக்கும். அந்த மாதம் கிணறு வற்றிவிட்டது, அல்லது தூர்க்கப்பட்டுவிட்டது, அல்லது அளக்க ஆள் போகவில்லை. எது காரணம் என்று பல சமயம் எழுதியிருக்காது. நான் முதலில் காலிக் கட்டங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுச் சராசரி போட்டேன். என்ன ஆகும் என்பதை ஓர் உதாரணத்தில் பாருங்கள். பத்துக் கிணறுகள், ஒவ்வொன்றும் 12 மீட்டர் ஆழம். ஒரு மே மாதத்தில் நான்கில் தண்ணீர் 11 மீட்டரில் இருக்கிறது, ஆறில் 6 மீட்டரில் இருக்கிறது. சராசரி 8 மீட்டர். சில வருஷம் கழித்து அந்த நான்கும் வற்றிவிட்டன. மற்ற ஆறில் மட்டம் 7-க்கு இறங்கிவிட்டது. வற்றியவற்றை விட்டுவிட்டுச் சராசரி போட்டால் 7 மீட்டர். அதாவது எல்லாக் கிணறும் இறங்கியிருக்க, காகிதத்தில் தண்ணீர் ஒரு மீட்டர் ஏறிவிட்டது! செத்தவர்களை விட்டுவிட்டு ஊரின் ஆரோக்கியத்தைக் கணக்கெடுப்பது போன்ற காரியம் இது. வற்றிய கிணற்றின் மௌனமே அந்தக் கணக்கில் மிகப் பெரிய சாட்சியம்.

இந்தச் சாட்சியத்தை இந்தச் சீமையில் சிலர் முன்பே கேட்டிருக்கிறார்கள். 1970-களின் ஆரம்பத்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த பி. எச். ஃபார்மர் தலைமையில் ஒரு குழு, பசுமைப் புரட்சி என்ன செய்கிறது என்று வடஆர்க்காட்டிலும் இலங்கையிலும் கிராமம் கிராமமாக ஆராய்ந்தது. 1977-ல் வந்த அவர்களுடைய புத்தகத்தில், இலங்கைப் பூகோள அறிஞர் மத்தும பண்டார, விவசாய மாறுதலால் நீர்நிலைமைக்கு என்ன ஆகிறது என்று எழுதினார். கவலை பம்புசெட்டுக் கிணறுகளைப் பற்றியதுதான். ஏற்றமும் கவலையும் இறைத்த காலத்தில் மாடு களைத்துப் போனால் கிணறு இளைப்பாறும். மோட்டாருக்குக் களைப்பு இல்லை. பிறகு விவசாய மின்சாரம் இலவசமாயிற்று. திருச்செங்கோட்டுப் போர் வண்டிகள் ஊர் ஊராக வந்தன. கிணறு இறங்க இறங்க, பணம் உள்ளவன் ஆழப்படுத்தினான். இல்லாதவன் நிலத்தைத் தரிசு போட்டான். 2003-ல் தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். அது நடைமுறைக்கு வராமலே 2013-ல் ரத்தாகிவிட்டது. அந்த 2003-ஆம் வருஷத்தில்தான் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று என்பது ஓர் ஆறுதல். இப்போது மாநிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஊறுவதில் எத்தனை பங்கு எடுக்கிறார்கள் என்று கணக்கிடுகிறார்கள். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் போனால் எச்சரிக்கை. நூறைத் தாண்டினால் அபரிமிதமான உறிஞ்சல். எண்கள் இருக்கின்றன. எண்ணுக்கும் சட்டத்துக்கும் நடுவில்தான் பாலம் இல்லை.

இத்தனையும் படித்த பிறகும் வீட்டுக்கார அம்மாளின் கேள்விக்குச் சர்க்கார் கணக்கில் நேரான பதில் இல்லை. மிக அருகில் இருந்த அளவுக் கிணறும் எங்கள் சந்திலிருந்து தூரம்தான். ஆகவே அவருடைய கிணற்றையே அளப்பது என்று தீர்மானித்தேன். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஓர் இரும்புத் துண்டைக் கட்டினேன். ஆகஸ்டிலிருந்து தினம் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இறக்கிப் பார்த்து, கிணற்றடிச் சுவரில் ஒட்டிய காகிதத்தில் எழுதினேன். சாதாரண நாட்களில் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் நாலு விரற்கடைதான். பௌர்ணமி வந்தது. கிரிவலத்துக்கு ஜனசமுத்திரம். பக்கத்திலிருந்த தங்கும் விடுதி நிரம்பி வழிந்தது. அதன் போர் மோட்டார் இரவும் பகலும் ஓடிற்று. மறுநாள் மாலை எங்கள் கிணறு ஒன்றரை அடி இறங்கியிருந்தது. நாங்கள் அன்று இறைத்தது நாலு குடம். அடுத்த பௌர்ணமியிலும் அதுவே நடந்தது.

எனக்கு ஒரே உற்சாகம். மகனைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் காட்டினேன். மேல்தண்ணீரும் கீழ்த்தண்ணீரும் ஒன்றுதான். வாசலில் போர் போட்டால் உங்கள் கிணற்றை நீங்களே உறிஞ்சிக்கொள்வீர்கள் என்று விளக்கினேன். அவர் நிதானமாகப் படித்துப் பார்த்தார்.

"அப்ப என் தண்ணிய அவங்க எடுத்துக்கறாங்கன்னுதானே சார் அர்த்தம்? நான் போடாம இருந்தா நஷ்டம் எனக்குத்தானே?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். நான் காட்டிய எண்ணையே அவர் எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார். அவர் பேச்சில் தப்பும் இல்லை. 143 வருஷத்துச் சட்டம் அவர் பக்கம் நிற்கிறது. தண்ணீர் ஒன்று என்று கயிறு சொல்கிறது, தண்ணீர் தனித்தனி என்று சட்டம் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தனி மனிதன் நியாயமாக நடந்துகொண்டால் அவன் கிணறுதான் முதலில் வற்றும். அவரிடம் எதைச் சொல்லித் தடுப்பது?

செப்டம்பரில் போர் வண்டி வந்தது. சந்து முழுவதும் வெள்ளைப் புழுதி. ஆனால் கிணற்றைத் தூர்க்கக் கூடாது என்று அம்மாள் பிடிவாதமாக இருந்துவிட்டார். மகனும் கடைசியில் சம்மதித்து, மேலே இரும்பு வலை போட்டு, மொட்டைமாடி மழைத் தண்ணீரை அதில் விழும்படி குழாயைத் திருப்பிவிட்டார்.

நவம்பரில் நான் ஊருக்குக் கிளம்பினேன். கயிற்றை அம்மாளிடம் கொடுத்து, முடிச்சு எண்ணும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தேன். பேரன் எழுதுவான் என்றார். பிறகு சற்று யோசித்து, "தம்பி, வத்திப் போச்சுன்னா என்ன எழுதறது? வெறுமனே உட்டுறலாமா?" என்று கேட்டார்.

"விடாதீர்கள், அம்மா. தேதியைப் போட்டு, வற்றிவிட்டது என்று எழுதச் சொல்லுங்கள்" என்றேன்.